சக்கரமும் நீரும் துருவும்

ஓடுகின்ற சக்கரத்தைப் புகழ்ந்து பேசியவர் பலர். அதனை நிறுத்துகின்ற கருவியைப் பற்றி எண்ணிப் பார்த்தவர் சிலரே. ஓட்டம் வசதியைத் தருவது; நிறுத்தமோ உயிரைக் காப்பது. அந்த நிறுத்தக் கருவிக்குப் பகையாய் வருவது பெரும்பாலும் விபத்தன்று, முரட்டுச் சாலையுமன்று. நாம் அன்போடு வாளியில் மொண்டு ஊற்றுகின்ற தண்ணீரே ஆகும். மோட்டார் வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்திவிட்டு மறுநாட் காலையில் பார்த்தால், சக்கரத்தின் உள்ளே பளபளத்த இரும்புத் தட்டு செம்மண் நிறம் கொண்டிருக்கிறது. வெள்ளிபோல் ஒளிர்ந்த சக்கரத்தின் மேல் பழுப்புக் கறை வழிந்திருக்கிறது. வண்டி புதிதாயினும் இது நேர்கிறது. இஃது ஏன் நேர்கிறது, முன்னாளில் ஏன் இவ்வாறு நேரவில்லை, இதனைத் தடுக்கும் வழி யாது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணப் புகுந்தால், மாட்டு வண்டி முதல் மின்சார வண்டி வரை நீளும் ஒரு வரலாறு நம் முன்னே விரிகிறது.

இவ்வரலாற்றைத் தமிழர் நோக்கில் காண்பதற்கு ஏற்ற இடம் பெங்களூரின் மர்பி டவுன். வானொலிப் பெட்டியோடு பழகிய நம்மவருள் சிலர், பழைய மர்பி ரேடியோவின் பெயரே இவ்வூருக்கும் வந்தது என்று கருதுவதுண்டு. அப்படியன்று. நாக்ஸ்பேட்டை என்று முன்னர் வழங்கிய இக்குடியிருப்பு, அதனைத் திட்டமிட்டு அமைத்த மர்பி என்னும் பொறியாளரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அல்சூருக்கும் இந்திரா நகருக்கும் இடையே அமைந்த இதன் தெருக்களில் கன்னடத்தோடு தமிழும் தொன்றுதொட்டு ஒலித்து வருகிறது. 1809-இல் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றித் தண்டு என்னும் படைப் பாளையத்தை நிறுவினர். சென்னை மாகாணத்துப் படையோடு சிப்பாய்களும், வணிகரும், கொத்தரும், தச்சரும், சமையற்காரரும், குதிரைக்காரருமாகத் தமிழர் இங்கு வந்து குடியேறினர். சென்னைப் பொறியாளர் படையின் தலைமையகம் இன்றும் அல்சூரில்தான் இருக்கிறது. படை வண்டிகளைப் பழுது பார்க்கும் பெரும் பட்டறையும் அதே வட்டாரத்தில் உள்ளது. குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர்களின் மக்கள் மோட்டார்க் கொட்டகைக்கும், அவர்தம் மக்கள் பட்டறைக்கும் ஆலைக்கும் சென்றனர். ஆதலின் சக்கரத்தைக் கழுவும் தொழிலும் அதனைப் பழுது பார்க்கும் தொழிலும் இப்பகுதித் தமிழருக்கு நான்கைந்து தலைமுறைப் பழக்கம் எனலாம்.

நீரும் சக்கரமும் நண்பராய் இருந்த காலம்

மாட்டு வண்டியின் சக்கரத்தை நினைவு கூர்வோம். நடுவே குடம், அதிலிருந்து கிளைக்கும் ஆரக்கால்கள், சுற்றிலும் வட்டை, அதன் மேல் இரும்புப் பட்டை, எல்லாவற்றையும் அச்சில் காக்கும் கடையாணி. பட்டையைக் கொல்லர் தீயிலிட்டுச் செந்நிறமாகக் காய்ச்சுவர். சூட்டில் விரிந்த பட்டையை மரச் சக்கரத்தின் மேல் பொருத்தி, உடனே தண்ணீரை ஊற்றுவர். இரும்பு குளிர்ந்து சுருங்கி மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். கோடைக் காலத்தில் மரம் காய்ந்து சுருங்கிப் பட்டை தளர்ந்து ஒலிக்கத் தொடங்கினால், வண்டிக்காரர் வண்டியைக் குளத்து நீரில் இறக்கிச் சிறிது நேரம் நிறுத்துவர். மரம் நீரை உண்டு பருக்கும். பட்டை மீண்டும் இறுகும். அக்காலத்தில் சக்கரத்துக்கு நீர் மருந்தாக இருந்தது.

அப்பட்டையின் மேலும் துரு ஏறாமல் இல்லை. ஆனால் கல்லிலும் மண்ணிலும் உருளும்போது அது தானே தேய்ந்து போயிற்று. வண்டியின் வேகமோ மனிதன் நடக்கும் வேகமே. அதனை நிறுத்த மாட்டின் மூக்கணாங் கயிறே போதுமானதாயிருந்தது.

ஆனால் பெருந்தேரை நிறுத்துவதற்குக் கயிறு போதாது. தேர் ஓடும்போது சக்கரத்தின் அடியில் வழுவழுப்பான மரக்கட்டையைச் செருகித் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் தமிழ்நாட்டின் பழங்கலை. முட்டுக்கட்டை என்னும் அச்சொல் பின்னர் எவ்வகைத் தடைக்கும் பெயராயிற்று. ஒருவர் செய்யும் நற்பணிக்கு மற்றொருவர் முட்டுக்கட்டை போடுகிறார் என்று நாம் இன்றும் சொல்லும்போது, தேர்ச் சக்கரத்தின் அடியில் கட்டை செருகுபவரையே, அறியாமல், நினைவு கூர்கிறோம். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் உடையது. திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனம் அதற்கு நீரழுத்தத்தால் இயங்கும் பிரேக்கைப் பொருத்தித் தந்துள்ளது. எனினும் அத்தேர் வீதி முனையில் திரும்பும்போது முட்டுக்கட்டையும் கையுமாய் நிற்கும் தொழிலாளரின் பணி நின்று போகவில்லை. பழைய தடையும் புதிய தடையும் ஒரே சக்கரத்தில் அருகருகே பணிபுரியும் காட்சி அது.

கட்டையிலிருந்து தட்டுக்கு

மோட்டார் வண்டியின் முதல் பிரேக்கும் மரக்கட்டையே. ஜெர்மானியராகிய கார்ல் பென்ஸ் 1886-இல் தம் வண்டிக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். 1888 ஆகஸ்டு மாதத்தில் அவர்தம் மனைவியார் பெர்த்தா பென்ஸ், இரு புதல்வரோடு மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அவ்வண்டியை ஓட்டிச் சென்றார். மலைச்சரிவுகளில் மரக்கட்டைகள் தேய்ந்து போயின. அம்மையார் வழியில் ஒரு செருப்புத் தொழிலாளியைக் கண்டு, கட்டைகளின் மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் செய்தார். பிரேக்குக்கு லைனிங் என்னும் மேலுறை பிறந்தது இவ்வாறுதான் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். நம் பட்டறைகளில் இன்றும் பிரேக் கட்டை என்னும் சொல் வழங்குகிறது. கட்டை மறைந்து நூறாண்டாயினும் சொல் மறையவில்லை.

1902 பிரேக்கின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க ஆண்டு. பிரான்சு நாட்டு லூயி ரெனோ, சக்கரத்தோடு சுழலும் ஒரு மூடிய இரும்புக் குடத்தின் உட்புறத்தில் வளைந்த கட்டைகள் அழுந்தும் டிரம் பிரேக்கை அமைத்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிரடெரிக் லான்செஸ்டர், சக்கரத்தோடு சுழலும் ஒரு திறந்த தட்டை இருபுறமும் பற்றி நிறுத்தும் டிஸ்க் பிரேக்குக்கு உரிமை பெற்றார். ஆனால் உலோகத்தோடு உலோகம் உராய்ந்து எழுந்த கிறீச்சொலி பொறுக்கலாகாததாயிருந்தது. டிரம் வென்றது; டிஸ்க் அரை நூற்றாண்டு உறங்கியது.

டிரம்முக்கு ஒரு நன்மை உண்டு. அதன் உராயும் முகம் உள்ளே மறைந்திருக்கிறது. வெளியே ஊற்றும் நீர் எளிதில் உள்ளே செல்லாது; தேய்ந்த தூளும் எளிதில் வெளியே வராது. ஆயினும் அதற்கு ஒரு குறையும் உண்டு. நீண்ட மலைச்சரிவில் இறங்கும்போது அடைபட்ட வெப்பம் வெளியேற வழியின்றிப் பிரேக் வலுவிழந்துவிடும். பெருவெள்ளத்தில் மூழ்கினால் புகுந்த நீரும் விரைவில் வெளியேறாது. வேகம் பெருகப் பெருக இக்குறை பெரிதாயிற்று. 1953-இல் பிரான்சின் லெ மான் ஓட்டப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூண்ட ஜாகுவார் வண்டி வெற்றி பெற்றது. 1955-இல் சித்ரோயன் நிறுவனம் தன் டி.எஸ். என்னும் குடும்ப வண்டியின் முன் சக்கரங்களுக்கே டிஸ்க் பொருத்தியது. லான்செஸ்டரின் கனவு ஐம்பது ஆண்டு கழித்துப் பலித்தது.

இந்தியாவில் இம்மாற்றம் மெதுவாகவே வந்தது. 1950-களின் இறுதியில் வெளிவந்த அம்பாசடர் கார், தன் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கைக் கொண்டே நெடுங்காலம் ஓடியது. பிரேக்குத் தொழிலில் தமிழ்நாடு பெற்ற இடம் பெரிது. டி.வி.எஸ். குழுமம் 1962-இல் இங்கிலாந்து நிறுவனங்களின் கூட்டோடு தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகிய இரண்டும் சென்னைப் பாடியில் எழுந்தன. நாட்டின் எம்மூலையில் நாம் வாழ்ந்தாலும், நம் வண்டியை நிறுத்தும் கருவியில் பாடியின் உழைப்பு கலந்திருக்க இடமுண்டு. 1980-களுக்குப் பின்னர்ச் சிறிய கார்களிலும் முன் சக்கரங்களில் டிஸ்க் வந்தது. மூடியிருந்த எஃகுச் சக்கரத்துக்குப் பதிலாக, திறந்த ஆரங்களையுடைய அலுமினியக் கலவைச் சக்கரமும் பின்னர்ப் பெருவழக்காயிற்று. மறைந்திருந்த இரும்பு இவ்வாறு வெளிச்சத்துக்கு வந்தது. அதனோடு அதன் துருவும் வெளிச்சத்துக்கு வந்தது.

துரு ஏறும் விதம்

டிஸ்க் என்னும் அத்தட்டு சாம்பல் நிற வார்ப்பிரும்பால் ஆனது. நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் கரி கலந்த இரும்பு அது. வெப்பத்தை விரைந்து கடத்துதல், அதிர்வை அடக்குதல், விலை மலிவு ஆகிய மூன்று குணங்களால் அதனைத் தேர்ந்தனர். துருப்பிடிக்காத எஃகை ஏன் பயன்படுத்தலாகாது என்று கேட்கலாம். மோட்டார் சைக்கிள்களில் அவ்வாறு பயன்படுத்துவதுண்டு. ஆனால் அவ்வெஃகு வெப்பத்தை அவ்வளவு நன்றாகக் கடத்தாது. காரின் எடையை நிறுத்தும்போது எழும் வெப்பத்துக்கு வார்ப்பிரும்பே ஏற்றது.

தில்லியில் வாழும் நம்மவர் மெஹ்ரௌலியிலுள்ள இரும்புத் தூணைக் கண்டிருப்பர். ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடையும் ஏழு மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் உடைய அத்தூண், குப்த மன்னர் காலத்தில் எழுந்து 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் பெரிதும் துருவின்றி நிற்கிறது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணிபுரிந்து 2009-இல் மறைந்த பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் அதன் காரணத்தை ஆராய்ந்து விளக்கினார். அவ்விரும்பில் மிகுதியாயுள்ள பாஸ்பரஸ், அதன் மேற்பரப்பில் ஒரு மெல்லிய காப்புத் தோலை உண்டாக்குகிறது. அத்தோல் உள்ளிரும்பைக் காக்கிறது.

நம் வண்டியின் தட்டுக்கும் அத்தகைய தோல் ஒன்றை அணிவிக்கலாகாதா? அணிவிக்கலாம், ஆனால் நிலைக்காது. நாம் காலால் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் பேட் என்னும் உராய்கட்டை அத்தோலைத் தேய்த்தெடுத்துவிடும். துருவை வெல்ல மனிதன் கண்ட வழிகளாகிய வண்ணப் பூச்சும், துத்தநாகப் பூச்சும், எண்ணெயும், மெழுகும் ஆகிய எல்லாம் தட்டின் உராயும் முகத்தில் பயன்படா. அவற்றுள் எண்ணெயும் மெழுகும் பயன்படாததோடு கேடும் செய்யும். வழுக்கும் தட்டை எந்தப் பேட்டாலும் பற்ற முடியாது. தட்டின் நடுப்பகுதிக்கும் விளிம்புக்கும் மட்டும் காப்புப் பூச்சுப் பூசிச் சில நிறுவனத்தார் விற்கின்றனர். உராயும் முகமோ எப்போதும் வெற்றிரும்பே. இதனை ஒரு குறை என்று கொள்ளாமல், அதன் இயல்பு என்று கொள்ளுதல் வேண்டும்.

இனித் துருவின் இயல்பைக் காண்போம். இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் ஒருங்கே வேண்டும். கேம்பிரிட்ஜில் யு. ஆர். எவான்ஸ் என்னும் அறிஞர் 1920-களில் ஒரு துளி உப்பு நீரை இரும்பின் மேல் வைத்து நோக்கினார். துளியின் விளிம்பில் பிராணவாயு மிகுதி, நடுவில் குறைவு. இவ்வேறுபாட்டால் துளிக்குள்ளேயே மிகச் சிறிய மின்னோட்டம் எழுகிறது. நடுப்பகுதியில் இரும்பு கரைகிறது. இடையே துரு வளையமாகப் படிகிறது. எனவே தட்டின் மேல் தங்கிய ஒவ்வொரு துளியும் ஒரு சிறிய மின்கலம். நீரில் உப்பு மிகுந்தால் அம்மின்கலத்தின் வேகமும் மிகும். துருவை ஆராய்வது மின்வேதியியலாரின் பணியாயிற்று என்பதன் காரணமும் இதுவே.

அப்பணிக்கென நம் நாட்டில் எழுந்த நிலையம் காரைக்குடியில் உள்ளது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல், பொங்கல் நன்னாளில், குடியரசுத் துணைத்தலைவர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் என்பது அதன் பெயர். இந்நாட்டின் எந்தெந்தப் பகுதியில் உலோகம் எவ்வளவு விரைவாக அரிக்கப்படுகிறது என்பதைக் காட்டும் நிலப்படத்தையும் அந்நிலையத்தார் உருவாக்கினர். கடற்கரை ஊர்களில் அரிப்பு மிகும் என்பது அதன் பொதுவான பாடம். மும்பையிலும், விசாகப்பட்டினத்திலும், போர்ட் பிளேயரிலும் வாழும் நம்மவர் வண்டியில் ஏறும் துருவும், தில்லியிலோ போபாலிலோ வாழ்பவர் வண்டியில் ஏறும் துருவும் ஒரே வேகத்தன அல்ல.

கழுவிய சில மணி நேரத்தில் தட்டில் தோன்றும் மெல்லிய செந்நிறம் அஞ்சத்தக்கதன்று. வண்டியை எடுத்து நாலைந்து முறை பிரேக்கை மிதித்தால் அது அகன்றுவிடும். அஞ்சத்தக்கது வேறு. ஈரத்தோடு வண்டி பல நாள் அசையாமல் நின்றால், பேட்டுக்கும் தட்டுக்கும் இடையே சிக்கிய நீர் கடைசி வரை உலர்வதில்லை. அவ்விடத்தில் துரு ஆழ்ந்து பேட்டின் வடிவிலேயே தழும்பாகப் பதிகிறது. பின்னர் ஒவ்வொரு சுற்றிலும் அத்தழும்பு பேட்டின் மேல் இடறும். மிதியில் அதிர்வு தோன்றும். பின் சக்கர டிரம்மில் ஈரத்தோடு கைப்பிரேக்கை இழுத்து வைத்தால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. நீர் படிந்த தட்டு முதல் மிதியில் முழு வலுவோடு பற்றாமலும் போகலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் குறுக்கே ஓடும் காலை வேளையில் அவ்வொரு நொடியின் விலை என்னவென்று சொல்ல வேண்டுவதில்லை.

சக்கரத்தின் மேற்கறை

தட்டின் துரு ஒரு புறம். சக்கரத்தின் கறை மறுபுறம். இவ்விரண்டும் உறவுடையன. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் தட்டிலிருந்தும் பேட்டிலிருந்தும் நுண்ணிய தூள் பறக்கிறது. அத்தூளில் இரும்பு மிகுதி. சூடாகப் பறந்து சக்கரத்தின் மேற்பூச்சில் அது பதிகிறது. நீர் பட்டதும் அவ்விரும்புத் துகள்களே துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளிகளாகின்றன. அலுமினியம் துருப்பிடிக்காதே, இக்கறை எங்கிருந்து வந்தது என்று வியப்பவருக்கு இதுவே விடை: சக்கரம் துருப்பிடிக்கவில்லை, அதன் மேல் வந்து தங்கிய விருந்தினரே துருப்பிடித்தனர். நிறுத்தும்போது எடை முன்னே சாய்வதால் முன் பிரேக்குகளே மிகுதியாக உழைக்கின்றன. ஆதலின் முன் சக்கரங்களில் கறையும் மிகுதி.

பழுதுபார்ப்பவரிடம் இதனைச் சொல்லுங்கால் மொழி தடையாகும் என்று அஞ்ச வேண்டா. துருவைக் கன்னடத்தில் துக்கு என்பர், தெலுங்கில் துப்பு, மலையாளத்தில் துரும்பு, இந்தியில் ஜங்கு. தென்மொழிகள் மூன்றும் நம் சொல்லுக்கு அணிமையிலேயே நிற்கின்றன. கேரளத்தில் வாழும் தமிழர் மட்டும், மலையாளியின் துரும்பு நம் வைக்கோல் துரும்பன்று என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம்.

பெங்களூர் கற்பித்த பாடம்

வண்டி கழுவும் கலையை மாற்றியமைத்த பெருமை அண்மையில் பெங்களூரின் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு உரியது. ஆற்றங்கரையில் அமையாத அந்நகரம் நெடுங்காலம் ஏரிகளை நம்பி வாழ்ந்தது. 1896-இல் எசரகட்டா நீரும், 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீரும், 1974-இல் காவிரி நீரும் நகருக்கு வந்தன. நகரம் அவற்றினும் விரைந்து வளர்ந்தது. 2024-ஆம் ஆண்டின் கோடைத் தொடக்கத்தில், நகரத்து ஏறத்தாழ 14,000 ஆழ்துளைக் கிணறுகளுள் ஏறத்தாழ 6,900 வறண்டன என அரசு அறிவித்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் பெங்களூர்க் குடிநீர் வாரியம், குடிநீரைக் கொண்டு வண்டி கழுவுதலைத் தடை செய்து, மீறினால் 5,000 ரூபாய் தண்டம் என ஆணையிட்டது. 2024 அக்டோபரில் காவிரித் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. எனினும் 2025-இன் தொடக்கத்தில் அத்தகைய தடை மீண்டும் வந்தது.

மர்பி டவுனிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் விடியற்காலையில் வாளியும் துணியுமாகச் சென்று வீடு வீடாக வண்டி துடைப்பவரைக் காணலாம். இத்தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் எல்லாப் பெருநகரங்களிலும் உண்டு. நீர்த் தடை என்றதும் முதலில் கலங்கியவர் அவரே. ஆனால் நன்கு எண்ணினால், குறைந்த நீரில் கழுவுவதே தட்டுக்கும் சக்கரத்துக்கும் நல்லது என்பது விளங்கும். குழாயைப் பீய்ச்சியடித்தால் நீர் புகக்கூடாத இடுக்குகளிலெல்லாம் புகுகிறது. ஒரு வாளி நீரும் இரண்டு துணியும் கொண்டு கைவேலையாகச் செய்தால் நீர் நாம் விரும்பிய இடத்தில் மட்டும் படுகிறது. நீரை மிச்சப்படுத்துதலும் இரும்பைக் காத்தலும் இங்கு ஒன்றேயாகின்றன. அதனால் துடைப்பவரின் கைத்திறனுக்கு மதிப்புக் கூடுகிறதேயன்றிக் குறையவில்லை. அம்மதிப்பைக் கூலியிலும் காட்டுவது வண்டியுடையார் கடமை.

ஒன்று கவனித்தற்குரியது. ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. சுத்திகரித்துத் தரப்படும் கழிவு நீரிலும் உப்பு மிகுந்திருக்கக் கூடும். அவ்வகை நீரால் கழுவினால் உலரவிடாமல் துடைத்தெடுத்தல் இன்றியமையாதது. இல்லையேல் சக்கரத்தில் வெண்புள்ளியும் தட்டில் செம்புள்ளியும் ஒருங்கே தோன்றும்.

வருமுன் காக்கும் முறை

இனிச் செய்ய வேண்டுவனவற்றை முறையாகக் கூறுவோம். ஓடி வந்த வண்டியை உடனே கழுவுதல் ஆகாது. பிரேக் சூடாயிருக்கும்போது குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்புக்குக் கேடு. சோப்பு நீரும் உடனே காய்ந்து கறையாகும். நிழலில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுக. பின்னர் வண்டியின் உடலுக்கு முன்னதாகச் சக்கரங்களைக் கழுவுக. அதற்கெனத் தனி வாளியும் தனித் துணியும் வேண்டும். சக்கரத்தின் இரும்புத் தூள் ஒட்டிய துணி, வண்டியின் மேல் பட்டால் கீறல் விழும். ஒரு நேரத்தில் ஒரு சக்கரத்தையே கழுவி, அலசி, துடைத்து முடித்த பின்னரே அடுத்ததற்குச் செல்க.

வண்டிக்கென விற்கும் மென்மையான சோப்பு நீரே போதும். குத்துவிளக்கைத் துலக்கும் புளியும், கழிவறை கழுவும் அமிலமும், பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளும் அலுமினியச் சக்கரத்துக்கு ஆகா. பதிந்துவிட்ட இரும்புத் துகளைக் கரைப்பதற்கெனத் தனி மருந்துகள் கடைகளில் கிடைக்கின்றன. இரும்பைத் தொட்டதும் அவை ஊதா நிறம் கொள்ளும். அவற்றையும் காயவிடாமல் நன்கு அலசிவிட வேண்டும். கழுவி உலர்ந்த சக்கரத்தின் வண்ணப் பூச்சின் மேல் மட்டும் மெல்லிய மெழுகு பூசினால் அடுத்த முறை தூள் எளிதில் அகலும். அம்மெழுகு தட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்க. தட்டின் மேல் எண்ணெயோ மண்ணெண்ணெயோ தடவித் துருவைத் தடுக்க முனைவது உயிருக்கு உலை வைப்பதாகும்.

கழுவி முடித்த வண்டியை அப்படியே நிறுத்திவிடலாகாது என்பதே யாவற்றினும் முதன்மையான விதி. ஆரவாரமற்ற சாலையில் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி, பின்னால் வண்டி வரவில்லை என்று கண்டு, மென்மையாகப் பலமுறை பிரேக்கை மிதிக்க வேண்டும். உராய்வின் வெப்பம் ஈரத்தைப் போக்கும், தட்டு துலங்கும். துணியால் எட்ட முடியாத இடத்தை உலர்த்துவது இவ்வோட்டமே. ஆதலின் வண்டியைப் பயணத்துக்கு முன் காலையில் கழுவுவது, இரவில் கழுவி நிறுத்துவதைக் காட்டிலும் சிறந்தது.

பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஊருக்குச் செல்லும் நம்மவர், புறப்படும் நாளன்று வண்டியைப் பளபளவெனக் கழுவி உறை போட்டு மூடிவிட்டு இரயிலேறுவதுண்டு. துருவுக்கு இதனினும் நல்ல விருந்து வேறில்லை. உறை ஈரத்தை வெளியே விடாது. இரண்டு மூன்று நாட்களுக்கு முன்னரே கழுவி, அதன் பின் சிறிது ஓட்டி, நன்கு உலர்ந்த வண்டியைக் கூரையின் கீழ்ச் சமதரையில் நிறுத்துக. பல நாள் நிற்கப் போகும் வண்டிக்குக் கைப்பிரேக்கை இழுத்து வைப்பதைவிட, கியரில் நிறுத்திச் சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டை கொடுப்பது நன்று. திருவாரூர்த் தேருக்கு உதவிய முட்டுக்கட்டை இங்கும் உதவுகிறது.

கடற்கரை நகரத்தார்க்கு இன்னும் ஒரு சொல். உப்புக் காற்றில் நிற்கும் சக்கரத்தைக் கழுவாதிருப்பதும் தவறே. நல்ல நீரால் உப்பை அலசி, ஓட்டி உலர்த்துவதே அங்கு முறை. எவ்வூராயினும், சில நாள் ஓட்டிய பின்னும் தட்டில் திட்டுத் திட்டாகத் துரு நிற்குமாயின், அரைக்கும் ஒலி எழுமாயின், வண்டி ஒரு பக்கம் இழுக்குமாயின், மிதி அதிருமாயின், தாமே பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாமல் தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் காட்டுதல் வேண்டும்.

திரும்பி வரும் டிரம்

வரலாறு ஒரு சுற்றுச் சுற்றி வந்திருப்பதைக் கூறி முடிப்போம். மின்சாரக் கார்கள் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே தடையாக மாறி மின்சாரத்தைத் திரும்பப் பெறுகிறது. பிரேக்குக்கு வேலை குறைகிறது. வேலையற்ற தட்டில் துரு மிகுகிறது. இதனைக் கண்ட பொறியாளர் சிலர், பின் சக்கரங்களுக்குப் பழைய மூடிய டிரம்மையே மீண்டும் பொருத்தத் தொடங்கினர். ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் ஐ.டி.3 அவ்வகை வண்டி. பறக்கும் பிரேக்குத் தூளையும் உலகம் கவனிக்கத் தொடங்கியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய யூரோ 7 விதிகள், புகைக்கு மட்டுமன்றிப் பிரேக்குத் தூளுக்கும் முதன்முறையாக எல்லை வகுத்தன.

கருவி எத்துணை மாறினும், உழைக்கின்ற இரும்பு துருப்பிடிக்காது. ஓய்ந்து ஈரத்தில் கிடக்கும் இரும்பே துருப்பிடிக்கும். கழுவுக; துடைக்க; பின் சிறிது ஓட்டுக. சக்கரத்தின் அழகு கண்ணுக்கு இனியது. அதன் உள்ளேயுள்ள தட்டின் தூய்மையோ, சாலையைக் கடக்கும் யாரோ ஒருவரின் குழந்தைக்கு அரண்.